முழுக்கைச் சட்டை

மூன்றாம் முறையாகத் தரையைத் துடைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் மாஸ்டரின் கண்ணில் அது பட்டது. முதல் நாற்காலியின் கால்மிதிக்கும் கம்பிக்கும் நடுவே, நகம்கூட நுழையாத இடுக்கில், ஒரு சிட்டிகை நரைமுடி. மறுபடியும் மண்டி போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைக் குடைந்தெடுத்தார். கடிகாரம் பத்தேகால் காட்டியது. பதினோரு மணிக்கு வருவதாகச் சுகாதார ஆய்வாளரின் அலுவலகத்திலிருந்து முந்தின நாளே போன் வந்துவிட்டது.

ஆய்வாளர் அம்மாள் முதல் தடவை வந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால். இந்தக் கடையில் முடி வெட்டிக்கொண்டு போன ஐந்து வயதுப் பையனுக்குத் தலையில் படர்தாமரை வந்து, வட்ட வட்டமாக முடி கொட்டிவிட்டதாக அவன் தாய் புகார் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆய்வாளர் கையுறை மாட்டிக்கொண்டு இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மூடியில்லாத குப்பைத் தொட்டி, துவைக்காமல் மடித்துவைத்த போர்வைத் துணிகள், சீப்புகள் ஊறும் ஜாடியில் மாதக்கணக்கில் மாற்றாத மீன்தொட்டி போலக் கலங்கிக் கிடந்த கிருமிநாசினி மருந்து. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "பதினாலு நாள் டைம் தரேன். அடுத்த தடவை ஒரு குறை இருந்தாலும் மூடிட்டுத்தான் போவேன்." குரலை உயர்த்தவே இல்லை.

அவர் தெருமுனை தாண்டியதும் மாஸ்டர் திரும்பிப் பார்த்தது மச்சினனைத்தான். மனைவியின் தம்பி, இரண்டாவது நாற்காலி அவனுடையது. வாடிக்கைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் ஷட்டர் இறக்கும்வரை மூடமாட்டான். பேச்சு சுவாரஸ்யத்தில் ஒருவர் தலையில் ஓட்டிய சீப்பையே அடுத்தவர் தலையிலும் ஓட்டிவிடுகிற ஆள். "உன் அழுக்குக் கையாலதான்டா இது வந்தது! பச்சப் புள்ள தலைய நாசம் பண்ணிட்டியே!" என்று காத்திருந்த இரண்டு பேர் முன்னால் கத்தினார் மாஸ்டர். எதிர்த்து ஏதாவது சொல்வான் என்றுதான் நினைத்தார். ரேடியோ வாயைத் திறந்தான், மாஸ்டரின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். "சரி மாமா" என்றான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவனை முடி வெட்டும் மிஷினைத் தொட விடவில்லை. கூட்டுவதும் துணி துவைப்பதும்தான் வேலை. ரேடியோவிடமிருந்து சத்தமே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். "என் தம்பி சோம்பேறிதான், இல்லேங்கல. அதுக்காக நாலு பேர் முன்னாடியா பேசுவீங்க?" என்றாள் மனைவி. மாஸ்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

பதினாலு நாளில் கடையே மாறிப்போயிருந்தது. சுவருக்குப் புது வெள்ளை, குப்பைத் தொட்டிக்குக் காலால் மிதிக்கிற மூடி, ஒவ்வொரு தலைக்கும் ஒரு துணி. மருந்து மாற்றிய நேரத்தை எழுதிவைக்க ஒரு நோட்டு. மாஸ்டர் சாப்பிடும் சோற்றில்கூட பிளீச்சிங் வாடை அடித்தது. விரல் நுனிகள் உரிந்தன. இடது முன்கையில் ஒரு நமைச்சல் வேறு. மருந்துத் தண்ணீர் பட்டுப் பட்டுத் தோல் வெந்துவிட்டது என்று அவராகவே முடிவுகட்டி, களிம்பு தடவி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். புண் கண்ணில் பட்டால் அதையும் ஒரு குறையாக எழுதித் தொலைப்பார்களே.

பத்தரைக்கு ஒரு பழைய வாடிக்கைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். "மாஸ்டர், மீசைய மட்டும் கொஞ்சம்..."

"செருப்போட உள்ள வராதீங்க!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மன்னிக்கணும். கடைன்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன் போல" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார். வேறு நாளாக இருந்தால் ரேடியோ இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பான். இப்போது ஜாடியில் அளந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

ஆய்வாளர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

இழுப்பறைகளைத் திறந்தார். துணிகளை எண்ணினார். ஒரு சோதனைக் காகிதத் துண்டை ஜாடியில் முக்கியெடுத்து, நிறம் மாறும்வரை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் துணியால் நாற்காலியின் அடியில் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது. மிஷின்களின் பல்லைக் கழற்றி ஊதிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு. கடைசிக் கோடு விழுந்ததும் மாஸ்டரின் தோள் தானாகத் தளர்ந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார் ஆய்வாளர். "அந்தப் பையனுக்கு வெட்டினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் ரேடியோ. கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது பதில்.

"அவங்கம்மா சொன்னத எழுதி வெச்சிருக்கேன். மிஷின் சத்தத்துக்குப் பையன் பயந்து அழுதிருக்கான். வெட்டினவர் முதல்ல தன் கைமேலயே மிஷினை ஓட்டிக் காட்டினாராம். பாரு, எனக்கு வலிக்கவே இல்லன்னு. அப்புறம்தான் பையன் தலையக் குடுத்தானாம். அது நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"கையக் காட்டுங்க."

ரேடியோ இரண்டு கைகளையும் நீட்டினான். அப்பழுக்கில்லாத கைகள். ஆய்வாளர் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "எதுக்கும் டாக்டர்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நீங்க வேலை செய்யக் கூடாது. கடை நடக்கட்டும்."

கடை நடக்கட்டும். பதினாலு நாளாக மாஸ்டர் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. பயப்படுகிற குழந்தைகளுக்குக் கையில் மிஷின் ஓட்டிக் காட்டுவது இருபது வருஷமாக அவருடைய பழக்கம். ரேடியோ அப்படிச் செய்ததே கிடையாது. குழந்தை அழுதால் நாய் மாதிரி குரைத்துக் காட்டுவான். அந்தச் சனிக்கிழமை இப்போது முழுசாகத் திரும்பி வந்தது. மூக்கு ஒழுகிய பையன். அம்மாவின் சேலையை விடாத கை. மிஷினை இடது முன்கையில் வைத்து மேலும் கீழும் ஓட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஓட்டினார். நமைச்சலுக்கு அது இதமாக இருந்தது.

அப்போதே நமைத்தது. பிளீச்சிங் பவுடர் இந்தக் கடைக்குள் வருவதற்கு முன்பே.

ஆய்வாளர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மாஸ்டர் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். பொத்தான் ஓட்டையை விட்டு வெளியே வர மாட்டேன் என்றது.

"மாமா, சும்மா இருங்க" என்றான் ரேடியோ மெல்ல.

"மேடம். வெட்டினது நான்." மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார்.

முழங்கைக்குக் கீழே, ஒன்றையொன்று தொட்டபடி, விளிம்பு சிவந்த மூன்று வட்டங்கள். ஆய்வாளர் குனிந்து பார்த்தார். தொடவில்லை. "எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். மருந்துத் தண்ணியாலன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்."

பேனாவை மூடிவிட்டு அவர் கொஞ்ச நேரம் கடையைச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான கடைய நான் இதுவரைக்கும் மூடினதில்ல" என்றார். பிறகு மிஷின்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினார். வீட்டில் இருப்பவர்களையும் டாக்டரிடம் காட்டச் சொன்னார். கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம் அறிவிப்பை ஒட்டினார். அதில் காரணமும் எழுதியிருந்தது.

"அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கான் மேடம்?"

கேட்ட பிறகுதான், இத்தனை நாளில் இதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது மாஸ்டருக்கு உறைத்தது.

"மாத்திரை சாப்பிடறான். இன்னும் ஸ்கூலுக்கு அனுப்பல. மத்த பசங்க கேலி பண்றாங்களாம்."

ஆய்வாளர் போன பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க் கண்ணாடியில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடிந்தது.

"உனக்கு முதல்லயே தெரியுமாடா?"

"பக்கத்து நாற்காலிலதானே நின்னேன் மாமா. கைல இப்படி இருக்குன்னு மட்டும் தெரியாது."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. நான் வேலைய விட்டு நின்னாலும் கடை ஓடும்." சொல்லிவிட்டு ரேடியோ கொஞ்சம் யோசித்தான். "அது இன்னிக்கு. அன்னிக்கு அதெல்லாம் இல்ல. கோவம். நீங்களா ஒரு நாள் ஞாபகம் வந்து துடிக்கட்டும்னுதான் விட்டேன்."

மாஸ்டர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள் ரேடியோ எழுந்து, கொக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"ஷட்டர இறக்கிடட்டுமா மாமா? ஆளுங்க படிக்கறாங்க."

"இரு."

வெளியே ஒரு பெண், கையில் பிடித்த சின்னப் பெண்ணோடு நின்று அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் உதடு அசைந்தது. மாஸ்டர் எழுந்து கண்ணாடிக் கதவருகே போய் நின்றார். சட்டைக் கை மடித்தபடியே இருந்தது. படித்து முடித்த பெண் உள்ளே பார்த்தாள். அவள் உள்ளங்கை தானாக இறங்கி, குழந்தையின் உச்சந்தலையை மூடிக்கொண்டது. அந்தக் கைக்கு அடியிலிருந்து குழந்தை மாஸ்டரை அண்ணாந்து பார்த்தது.