பார்டருக்கு ஒரு வீடு

சேலை விற்பதில் உஸ்மான் ரோட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமுமில்லை. சேலையில் இழை விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்து, நல்ல பக்கத்தை வாங்க வந்தவரின் தோளில் போட்டுவிட வேண்டும். தோளில் ஏறிய சேலை லேசில் இறங்காது. எட்டு வருஷமாக இந்த வெள்ளைச்சாமி அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தான்.

அது எழுபத்திரண்டாம் வருஷம், ஆனி மாதம். வியாபாரம் படுத்துவிட்டது. கடை ஆட்கள் நாங்கள் ஆறு பேரும் காலையில் விரித்த துணியையே மாலையில் மறுபடி மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு திங்கள்கிழமை காலை, தெருவில் கார்ப்பரேஷன் நாய் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. சுருக்குக் கயிறோடு ஒருவன் ஓடிவர, அவனுக்கு முன்னால் ஒரு குட்டி பறந்து வந்து, என் முன்னால் மலையாகக் குவிந்திருந்த நூல் சேலைகளுக்குள் தலைகுப்புறப் பாய்ந்தது.

நான் யோசிக்கவே இல்லை. இன்னும் நாலு சேலையை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டு மடிப்பைச் சரிசெய்வதுபோல் நின்றேன். குவியலின் ஓரத்தில் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. வண்டிக்காரன் வாலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கழுத்துல லைசென்சு வில்லை இல்லாம சுத்தற நாயி. வெள்ளிக்கெழம காலைல திரும்பி வருவேன். அதுக்குள்ள எந்த ஊட்லயாவது சேத்துடு. இங்க இருந்துச்சுன்னா புட்ச்சிக்கினு போய்டுவேன்" என்றான். அவன் பிடித்துக்கொண்டு போகும் நாய்கள் திரும்பி வருவதில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

ஐந்தாறு மாதக் குட்டி. செம்மண் நிறம். வாலைச் சுற்றி மட்டும் கரை போட்டதுபோல் வெள்ளை. பார்டர் என்று பெயர் வைத்தேன். கல்லாவில் இருந்த முதலாளி சுயம்புலிங்கம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏல, இது ஜவுளிக்கடையா, சர்க்கஸ் கூடாரமா? வெள்ளிக்கிழம விடியும்போது அது இங்க நின்னா நானே வண்டியில ஏத்திருவேன், பாத்துக்க."

"அதுக்குள்ள வித்துருவேன் அண்ணாச்சி" என்றேன். எனக்கு அவ்வளவு திமிர். நாங்கள் தங்குவது கடை மாடியில், ஒரு அறைக்கு ஆறு பேர். நானே வைத்துக்கொள்ள வழியிருந்தால் வைத்துக்கொண்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மயிலாப்பூர் பங்கஜம் மாமி வந்தார். மாமியின் தோளில் ஒரு சுங்கடியைப் போட்ட கையோடு மடியில் பார்டரையும் போட்டேன். "ரொம்ப சாது மாமி. இருக்கிற இடமே தெரியாது." மாமி சுங்கடியோடு பார்டரையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். நான் அண்ணாச்சியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டேன்.

புதன்கிழமை கடை திறக்கும்போது மாமி அதே ரிக்‌ஷாவில் வாசலில் இருந்தார். "இருக்கிற இடமே தெரியாதுன்னேளே. கொடியில உலர்த்தியிருந்த மடிப்புடவைய இழுத்துண்டு நாலு மாடவீதியும் சுத்தித்து. எங்காத்துக்காரர் பின்னாடியே ஓடி, இப்போ கால் வீங்கிப் படுத்துண்டிருக்கார்."

பார்டர் ரிக்‌ஷாவிலிருந்து என் நெஞ்சின்மேல் குதித்து மூக்கை நக்கியது. சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அன்று மாலையே அடையாறில் இருந்து வந்த ராஜரத்தினம் என்ற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரிடம், இந்தமுறை வேறு பக்கத்தை விரித்துக் காட்டினேன். "காவலுக்குன்னே பிறந்தது சார். அந்நிய ஆள் ஒருத்தன் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

வியாழக்கிழமை மதியம் ஹெட்மாஸ்டர் குடையோடும் பார்டரோடும் வந்து நின்றார். கோபத்திலும் அவர் இலக்கணம் தவறவில்லை. "காலையில் ஒருவன் உள்ளே வந்து பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான். உங்கள் காவல்காரன் அவனுடன் விளையாடிக்கொண்டே தெருமுனை வரை சென்று வழியனுப்பிவிட்டு வந்தது" என்றார். அவர் படியிறங்கிப் போனதும் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். இனி ஒரு மாலைதான் பாக்கி. பார்டரோ வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு காக்காயைத் துரத்திக்கொண்டு ஓடி, நின்றிருந்த ரிக்‌ஷாவுக்குள் விழுந்து, எழுந்து, வால் தெறிக்க ஆடிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குக் குப்பம்மா வந்தார். கொட்டிவாக்கத்துக்காரர். அடையாறில் மீன் விற்றுவிட்டு, தங்கை மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். காலிக் கூடையை வாசலில் வைத்ததுதான் தாமதம், பார்டர் அதற்குள் தலையை விட்டுவிட்டது.

"இன்னா நைனா, துணிக்கடைல நாயி கீது?"

"வீடு இல்லாத குட்டி அக்கா. நாளைக்குக் காலையில நாய் வண்டிக்காரன் பிடிச்சிட்டுப் போயிருவான். உங்களுக்கு வேணுமா? ரொம்ப சா..." என்று ஆரம்பித்தேன். நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. இந்தமுறையும் திரும்பி வந்தால், வாங்கிக்கொள்ள நான் இருப்பேன், பார்டருக்கு இன்னொரு நாள் இருக்காது. பயத்தில் எல்லா ஓட்டையையும் வெளியே எடுத்து விரித்துவிட்டேன்.

"துணியக் கண்டா இழுத்துட்டு ஓடும் அக்கா. திருடனக் கண்டா வாலாட்டும். வீட்டுல செருப்பு ஜோடியா இருக்காது. காக்காயக் கண்டா பைத்தியமே பிடிச்சிரும், துரத்தாம விடாது."

குப்பம்மா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். "காக்காவ தொரத்துமா? கருவாடு காய வெச்சிட்டு நாள் பூரா கொம்ப வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன் நைனா."

அப்படியே விட்டிருக்கலாம். எட்டு வருஷத்து நாக்கு அதைத்தான் செய்யச் சொன்னது. "துரத்தும். ஆனா கருவாட்டையும் திங்கும் அக்கா" என்றேன்.

"காக்கா துன்றத நாயி துன்னட்டும்" என்று சிரித்தார் குப்பம்மா. பிறகு பார்டரின் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "இத்தினி கொற சொன்னியே. நல்லதுன்னு ஒண்ணுகூட இல்லியா இதுக்கு?"

ஒரு சாதாக் கைத்தறிச் சேலையை அரைமணி நேரம் புகழக்கூடியவன் நான். பார்டரின் வால் வெள்ளையைத் தடவிக்கொண்டு நின்றேன். கல்லாவில் அண்ணாச்சிகூடப் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

"எனக்குச் சொல்லத் தெரியல அக்கா. எட்டு வருஷமா இந்தக் கடையில இருக்கேன். இந்த நாலு நாளாத்தான் காலையில எந்திரிக்கணும்னு ஆசையா இருக்கு."

குப்பம்மா கூடையைச் சாய்த்துப் பிடித்தார். பார்டர் தானாகவே உள்ளே ஏறி, வாசனை பிடித்தபடி சுருண்டுகொண்டது. பஸ்ஸில் நாயை ஏற்ற விடமாட்டார்களே என்றேன். "மீன் கூடய எந்த கண்டக்டரு தொறந்து பாக்கறான்?" என்று மேலே ஒரு பழைய துணியைப் போட்டு மூடினார். "ஞாயித்துக்கெழம வா. குப்பம்மா ஊடுன்னு கேட்டா கொயந்தகூட காட்டும்."

வேலை நேரத்தில் கடையை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு வரை கூடவே ஓடினேன். பின்னால் அண்ணாச்சி ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. அடையாறு வழியாகப் போகும் பஸ்ஸில் குப்பம்மா ஏறி ஜன்னலோரம் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கிழித்தார். பஸ் கிளம்பியதும் கூடையின்மேல் போட்டிருந்த துணி துள்ளித் துள்ளி ஆடத் தொடங்கியது. நான் நடுரோட்டில் நின்று ஒரு மீன் கூடைக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.