விழாத தொட்டி

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா ஒரு சிறிய ஊருக்கு ஐந்து வருடம் மேயராக இருந்தாள். பதவி முடிந்த மறுமாதம் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தாள். துணைக்கு நான்தான் உட்கார்ந்திருந்தேன். மாத்திரைப் பட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொண்டே (மேயராகுமுன் இருபது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவள்), "எழுதுறேன் எழுதுறேன்னு திரியுறியே, எதுவுமே நடக்காத ஒண்ண உன்னால எழுத முடியுமாடா?" என்று கேட்டாள். முடியும் என்று வாயை விட்டேன். ஏழு மாதமாக விழி பிதுங்குகிறது.

2

முதல் தொடக்கம்: "அவர் மேயர் நாற்காலியில் அமர்ந்த அன்று ஊரே—"

ஊரே ஒன்றும் செய்யவில்லை. நகரசபையில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரியதில், யாருக்கும் பகையில்லாத மருந்துக்கடைக்காரிக்கு நாற்காலி வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். (அந்த நாற்காலியின் வலது கை ஆடும். ஐந்து வருடத்தில் அதற்கு ஓர் ஆணி அடிக்க அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம் தேவலை: சந்தையின் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆறு தூண்கள், நான்கு மாடி உயரம். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் தண்ணீர். அதன் நிழலில் முப்பத்தொரு கடைகள். அதில் ஒன்று அத்தானின் பூட்டு சாவிக் கடை.

3

நகராட்சிப் பொறியாளரை முதல் பிரதியில் வில்லனாக்கியிருந்தேன். சாயம் பூசிய மீசை, குறுக்குப் பார்வை எல்லாம் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு, பாவம்டா அவர் என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.

நிஜத்தில் அவர் எதையும் அடித்துச் சொல்ல அஞ்சுகிற நல்ல மனிதர். அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஒருவேளை'. அக்கா பதவிக்கு வந்த இரண்டாம் வருடம், அவர் தொட்டியின் படங்களோடு வந்தார். இரண்டு தூண்களில் நீளவாக்கில் விரிசல், உள்ளே துருப்பிடித்த கம்பி. தொட்டி நிரம்பி நின்றால் இவை தாங்கலாம், தாங்காமலும் போகலாம் என்றார். எத்தனை நாள் என்று அக்கா கேட்டாள்.

"ஒருவேளை பத்து வருஷம் நிக்கும்மா. ஒருவேளை வெள்ளிக்கிழமை வரைக்கும்."

அன்று புதன்கிழமை.

வியாழன் காலையில் அக்கா தொட்டியைக் காலிசெய்யச் சொன்னாள்.*

* யாரையும் கேட்கவில்லை. பிற்பாடு சபையில் அவளை வறுத்தெடுத்தது இதற்காகத்தான். கேட்டிருந்தால் ஞாயிறு வரைக்கும் பேசியிருப்பார்கள் என்று இப்போதும் சொல்கிறாள்.

4

அதன்பின் ஒன்றரை வருடம் லாரித் தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் வந்தால். புதிய தொட்டிக்கான கோப்பு மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருந்தது. விடியுமுன் அக்காவின் தொலைபேசி அலறும். லாரி எங்கே, எங்கள் தெரு என்ன பாவம் செய்தது, நீங்கள் மட்டும் குளிக்கிறீர்களா. எல்லாவற்றையும் அவளே எடுத்துப் பதில் சொன்னாள். தூக்கத்திலும் "அனுப்புறேன், அனுப்புறேன்" என்று முனகுவாளாம்.

ஐஸ் ஆலைக்காரர் சபை உறுப்பினர். தண்ணீரில்லாமல் ஆலையை மூடி, பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். (இவரையும் கெட்டவராக்க முயன்றேன். அந்தப் பன்னிரண்டு பேர் குறுக்கே நின்றார்கள்.) ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஜன்னலைக் காட்டுவார். "அந்தா நிக்குது பாருங்க. எங்க விழுந்துச்சு, மேயரம்மா?"

காலித் தொட்டி எப்படி விழும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். காலியாக்கியதால் விழவில்லையா, இல்லை அது விழுகிற தொட்டியே இல்லையா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. நிரப்பிப் பார்க்கவேண்டும். நிரப்பச் சொல்லி இரண்டு முறை தீர்மானம் வந்தது. இரண்டு முறையும் ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஓட்டு அக்காவுடையது.

அத்தான் குடங்களோடு வரிசையில் நின்று, பெண்டாட்டிக்கு விழுந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு வருவார். வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் மட்டும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "கொஞ்சமாவது விழுந்து தொலைச்சிருக்கலாம்" என்றார். அக்கா சிரித்தாள். அந்த வருடம் அவள் சிரித்த ஒரே—

இல்லை, ஊதிப் பெருக்குகிறேன். அவ்வப்போது சிரித்தாள்தான். ஆனால் சிரித்து முடித்ததும் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

5

கடைசியில் விழுந்தது தொட்டி இல்லை.

மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரம்மா குடியிருந்தார். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது, மாடிப்படித் திருப்பத்தில் வழுக்கிவிட்டது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தையல் மெஷினை மிதித்த கால்கள்.

மூன்று நாள் அக்காவுக்குப் போகத் துணிவு வரவில்லை. நான்காம் நாள், வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத் தனியாகப் போனாள். இந்த இடத்தைப் பதினொரு முறை எழுதிவிட்டேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே வைப்பதுதான் சரி.

தையல்காரம்மா திட்டவில்லை. உட்காரச் சொன்னார். சட்டையின் தோள் இறங்கி நிற்கிறது, மெலிந்துவிட்டீர்கள், பிடித்துத் தைக்கவேண்டும் என்றார். பிறகு, இனி யார் தைப்பது என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்திவிட்டார். வேறொன்றைக் கேட்டார்.

"அந்தத் தொட்டி விழுந்திருக்குமாம்மா?"

"தெரியலம்மா."

தையல்காரம்மா கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்திருக்கும்னு சொல்லுங்க."

6

என்னால் அதை விழவைக்க முடியும். விழவைத்தும் பார்த்தேன்: "அந்த வாரமே, காலியாக நின்றபோதே, மூன்றாம் தூண் சரிந்து, ஆளில்லாத சந்தையில் தொட்டி விழுந்தது."

ஒரே வாக்கியம். எத்தனை பேருக்கு நிம்மதி! அத்தான் தலை நிமிர்ந்து வரிசையில் நிற்கிறார். ஐஸ் ஆலைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. தையல்காரம்மாவின் முதுகுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. இரண்டு நாள் அந்த வாக்கியத்தோடு சுகமாக இருந்தேன். மூன்றாம் நாள் அதை அடித்துவிட்டேன். அக்காவுக்குக் கிடைக்காத வாக்கியத்தை நான் மட்டும் எப்படி வைத்துக்கொள்வது?

மாற்று முடிவு: தீர்மானம் வெல்கிறது, தொட்டியை நிரப்புகிறார்கள், கல் மாதிரி நிற்கிறது. அக்காதான் குற்றவாளி. இதையும் எழுதினேன். அவளிடம் காட்டவில்லை.

நடந்தது இதுதான். அடுத்த வருடம் புதிய தொட்டி வந்தது. பழையதை மூன்றே நாளில் இடித்தார்கள். மூன்று நாளும் அக்கா சந்தைக்குப் போய் தூசியில் நின்றாள். கடைசி நாள், தூண்கள் பலவீனமாக இருந்தனவா என்று இடித்தவரிடம் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"இடிச்சா எந்தத் தூணும் உடையத்தாம்மா செய்யும்."

இடிபாடுகளை அள்ளி எங்கோ பள்ளம் நிரப்பக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள்.

7

தையல்காரம்மாவுக்கு என்ன பதில் சொன்னாய் என்று அக்காவிடம் மூன்று முறை கேட்டேன். சொன்னேன் என்கிறாள். என்ன சொன்னாய் என்றால், காலை மெல்ல நகர்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஆம் என்றால் அது பொய்யாக இருக்கலாம். தெரியாது என்பதை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நானாக ஒன்றை எழுதி அவள் வாயில் வைக்கலாம். இத்தனை பக்கம் செய்தது அதைத்தானே. இங்கே கை வரவில்லை.

ஆகவே நான் தையல்காரம்மாவின் அறையைவிட்டு வெளியே வருகிறேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவளுக்குக் கால் வலிக்கிறது. கட்டிலருகே நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். அந்த அம்மா உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், பிடி கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். கேட்கவேண்டியதைக் கேட்டாயிற்று. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.