ஆகாய கங்கைக்கு அத்தா சொன்ன நூறு படி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது எங்கள் அத்தா ஜாபர் அலி கேட்டு எழுதுகிற கதை. பத்திரிகையில் மூன்று கதை வந்திருக்கிற மகளிடம் மிளகு வியாபாரி ஒருவர் கேட்ட முதல் உதவி இது.

"ஒரு கதை எழுது கண்ணு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்."

ஞாயிறன்று அவரும் அம்மாவும் கொல்லிமலைக்குப் போகிறார்கள், ஆகாய கங்கை அருவியைப் பார்க்க. காலை பஸ்ஸில் ஏறி மாலை பஸ்ஸில் இறங்குவதாகத் திட்டம். அடுத்த வாரம் நோன்பு தொடங்கிவிடும்.

2

முதல் தொடக்கம்: 'வெள்ளியை உருக்கி ஊற்றியது போல அருவி...' அடித்துவிட்டேன். நான் அருவியைப் பார்த்ததில்லை.

இரண்டாவது: '1998 டிசம்பர். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாக அலிமா பீவி ஒரு நாள் முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு...' இது இருக்கட்டும். அலிமா பீவி என் அம்மா. புதன்கிழமையே திட்டத்தில் இறங்கிவிட்டாள்.

"அருவிகிட்ட டீக்கடை இருக்குதுன்னு சொன்னீங்கல்ல? அப்ப பிளாஸ்க் வேண்டாமுங்க."

அத்தா இருமினார். "மலை டீ உனக்குச் சேராது. எடுத்துக்க."

"ஒக்கார வழவழன்னு பாறை இருக்குதே, பாய் எதுக்கு?"

"எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

"நூறு படிதானுங்களே, என்ற முழங்காலு தாங்கிக்கும்."

அத்தா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

3

(இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பின்னாலேயே போனேன்.)

கடையில் மிளகு சலித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நான் அந்த அருவியப் பாத்ததே இல்ல, கண்ணு."

வாரம் தவறாமல் மலைச் சந்தைக்குப் போகிறவர்தான். மூட்டையை ஏற்றி முடித்தால் மதியம்; லாரி காத்திருக்காது. அருவியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மலைமேல் வளப்பூர் நாட்டு விவசாயி மாதேஸ்வரன் மிளகு எடை போடும்போது சொன்ன இரண்டு வார்த்தை. மிச்சம் சொந்தச் சரக்கு.

"கல்யாணமான புதுசுல உங்கம்மா அவங்க ஊட்ட நெனச்சு அழுதுகிட்டே இருந்தா. ஒரு சந்தை நாளு, வரும்போது அருவியப் பாத்தேன்னு சும்மா சொன்னேன். அழுகைய நிறுத்திட்டுக் கேட்டா. அடுத்த வாரம் வாசல்லயே நின்னா, இன்னிக்கும் பாத்தீங்களான்னு. என்ன பண்றது சொல்லு?"

ஒரு வாரம் பாறை வந்தது. இன்னொரு வாரம் டீக்கடை வந்தது.

"படி எத்தனைன்னு போன வாரந்தான் மாதேஸ்வரன்கிட்டக் கேட்டேன். ஆயிரத்துக்கும் மேலங்கறாரு."

"அம்மாகிட்டச் சொல்லுங்கத்தா."

"நான் சொன்னா அழுவா. நீ எழுதுனா படிப்பா."

* மூன்று கதை எழுதிவிட்டு நான் அலட்டிக்கொண்ட அலட்டல் என்ன! இந்த மனிதர் ஒரே ஒரு ஆளுக்காக இருபத்தொரு வருடம் தொடர்கதை ஓட்டியிருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

4

முடிவுகள்.

அ) எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் அத்தா உண்மையைச் சொல்லிவிடுகிறார். நடக்காது. வளைவில் அம்மாவுக்குக் குமட்டும். அவர் எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கருகே பிடித்துக்கொண்டிருப்பார்.

ஆ) படி தொடங்கும் இடத்தில் மாதேஸ்வரன் நிற்கிறார். "ஏனுங்க பாய், ஒருவழியா நீங்களும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க..." அவரை அத்தோடு நிறுத்திவிட்டேன். வேற்று மனிதர் வாயால் அம்மாவுக்கு இது தெரியவே கூடாது.

இ) அம்மா கோபித்துக்கொள்கிறாள். பயணம் நின்றுபோகிறது. அவள் தேய்த்து வைத்த பச்சைப் புடவையை மறுபடியும் பெட்டிக்குள்

இதை என்னால் எழுத முடியவில்லை.

5

அம்மா, என் கதைகளை எப்போதும் நீதான் முதலில் படிக்கிறாய். அதனால்தான் இந்தக் குறுக்கு வழி.

டீக்கடை கிடையாது. பாறை இருக்கலாம். படி ஆயிரத்துக்கு மேல். இறங்கிவிடுவாய், ஏறும்போதுதான் உன் முழங்கால் என்ன சொல்லுமோ தெரியாது. மேலேயே உட்கார்ந்து அருவிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தாலும் யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை. கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படு, அத்தாவுக்கு அது வேண்டியதுதான். இப்போது கடையில் சலித்த மிளகையே திரும்பச் சலித்துக்கொண்டிருக்கிறார்.

முடிவை நான் எழுதவில்லை. இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அவரிடம் போய்ப் பேசு. போவதா வேண்டாமா என்று நீ சொல். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். உனக்குக் காட்டித்தர அவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. போனால், அந்த அருவியை அத்தா முதன்முதலாக உன்னோடுதான் பார்ப்பார்.