அப்பாவுக்கு மூன்று விரல்

எங்கள் கூடத்தில் விரல் செய்கிறோம். காது, மூக்கு, அரைக் கை, முழுக் கை எல்லாம் உண்டு. ஆனாலும் அதிகம் போவது விரல்தான். மனிதர்கள் அதைத்தான் கண்ட இடத்தில் கொண்டுபோய் நீட்டுகிறார்கள். சிலிக்கோனில் வார்த்து, நகம் பதித்து, ஆளின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பேருந்தில் ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. பதினோரு வருஷமாக அங்கே நான் நிறம் கலக்கிறேன்.

இந்த வேலையில் ஒரு வியாதி உண்டு. அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் இழுப்பு. எதிரே ஒருவர் நீட்டியிருக்கும் கையைப் பார்த்துத்தான் கலக்கிறோம். ஆனாலும் கலக்கிறவரின் சொந்த நிறம் சத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் வந்துவிடும். வெளுத்தவர் கலந்தால் வெளுக்கும், கறுத்தவர் கலந்தால் கறுக்கும். பிறந்ததிலிருந்து தன் கையையே பார்த்துப் பழகிய கண் அந்தப் பக்கமே சாயும். அதற்காகத்தான் எங்களுக்குச் சாம்பல் நிறக் கையுறை கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைக்கிறார்கள். கையுறை போட்டாலும் இழுக்கும்.

எனக்கு இழுக்காது. எவராலும் பிடிக்க முடியாத நிறம் வந்தால் என் மேஜைக்குத்தான் வரும். "உனக்கு மட்டும் எப்படிம்மா?" என்று பூதக்கண்ணாடி கேட்பார். நெற்றியில் எப்போதும் உருப்பெருக்கியோடு திரியும் எங்கள் மூத்த கலவைக்காரருக்கு அந்தப் பெயர். நான் சிரித்து மழுப்புவேன். பதில் எனக்குத் தெரியும். இழுப்பதற்கு ஒரு பக்கம் வேண்டும், எனக்குப் பக்கமே கிடையாது.

பிறந்த மூன்றாம் நாள் என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஒருத்தி போய்விட்டாள். அவள் கொடுத்த பெயரும் பொய், முகவரியும் பொய். அந்த வார்டில் ஆயாவாக இருந்த அம்மா, கையெழுத்து போடவேண்டிய இடத்திலெல்லாம் போட்டு என்னை வீட்டுக்குத் தூக்கிவந்தாள். எனக்கு நான்கு வயதானபோது தம்பி பிறந்தான். அவன் அப்படியே அப்பாவை உரித்துவைத்திருந்தான். என் முடி சுருண்டு சுருண்டு நிற்கும், கண் இடுங்கியிருக்கும், தோல் நிழலில் ஒரு நிறம் காட்டும், வெயிலில் ஒரு நிறம் காட்டும். கடைத்தெருவில் மூன்று வகை ஜனங்கள் மூன்று மொழியில் உரிமையோடு என்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள். நான் தமிழில் வாயைத் திறந்ததும் முகம் தொங்கிப்போகும். நம் ஆட்கள் அதற்கும் மேல். "அட, என்னமா தமிழ் பேசுறீங்க! எங்க கத்துக்கிட்டீங்க?" என்பார்கள். "எங்கம்மா மடியில" என்றால் நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

படிவங்களில் 'இனம்' என்று கேட்டிருக்கும் இடத்தில் கடைசிக் கட்டத்தில் டிக் போடுவேன். முப்பத்து நான்கு வருஷமாக நான் 'மற்றவை'. குப்பியில் எச்சில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் மொத்தத்தையும் சொல்லிவிடுவார்கள் என்று தோழி ஒருத்தி யோசனை சொன்னாள். துப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றிய இடங்கள் நிறைய உண்டு, அந்தக் குப்பி மட்டும் அதில் இல்லை. யாரோ ஒரு கம்பெனி என்னைச் சதவிகிதமாக வெட்டி அனுப்பினால் அதை வைத்துக்கொண்டு நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?

போன வருஷம் மரப்பட்டறையில் இழைப்பு இயந்திரம் அப்பாவின் இடது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அம்மா இல்லாத வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பொழுது பட்டறைதான். காயம் ஆறி வேலைக்குத் திரும்பியவர் இடது கையைக் கால்சட்டைப் பையைவிட்டு எடுப்பதில்லை. வருகிற வாடிக்கையாளர்களிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர், பின்கட்டில் போய்ப் பலகைகளோடு உட்கார்ந்துகொண்டார். எங்கள் கூடத்துக்கு வரச் சொல்லி ஏழு மாதம் கெஞ்சினேன். "நீ செய்யறதா இருந்தா வரேன்" என்றார் கடைசியில்.

அங்கேதான் சிக்கல். சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் கலக்கக் கூடாது என்று எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது. பூதக்கண்ணாடி தன் மனைவிக்குக் காது செய்யப்போய், ஆறு தடவையும் அது அவருடைய நிறத்திலேயே வந்த பிறகு ஒட்டிய தாள் அது. தெரிந்தும் கேட்டேன். இரத்தத்தில்தான் எனக்குப் பங்கு இல்லை, அப்பா உடம்பில் புதிதாகச் சேரப்போகும் மூன்று விரலிலாவது என் கை இருக்க வேண்டும் என்று ஆசை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்த வீட்டில் நானும் ஒருத்தி என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டியிருந்தது.

கூடத்தின் பொறுப்பாளரை நாங்கள் பெரியக்கா என்போம். எதிர்த்துப் பேசத் தயாராக நாலு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"அட, அந்த விதி உனக்கு எதுக்கு? உன் விஷயம் வேற. தாராளமா கல" என்றார்.

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த விதத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் அச்சு. இடது கைக்கு இடது கைதான் அச்சாகும், அப்பாவின் வலது கையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அதே வார்ப்புள்ள வேறு ஒரு இடது கை வேண்டும். 'அச்சுக் கொடுப்பவர் நோயாளிக்கு இரத்த உறவா?' என்று படிவம் கேட்கிறது. தம்பியைக் கூப்பிட்டோம். அவன் பச்சைப் பசை நிரம்பிய வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு, "அக்கா, கை திரும்பி வந்துடுமா, இல்ல நானும் இங்கயே வேலைக்குச் சேர்ந்துடணுமா?" என்றான். அப்பா விபத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். வாளியிலிருந்து வெளியே வந்த கை அப்பாவின் கைதான். அதே அகல நகம், உள்ளே சாய்ந்த அதே சுண்டுவிரல். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு நிறம். அப்பா ஜன்னலோரம் வலது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடையது நல்ல கறுப்பு. முட்டியில் இன்னும் அடர்ந்து, நகத்தடியில் மட்டும் லேசாக நீலம் ஓடும். எனக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற நிறம். கலந்து, சின்னதாக ஒரு சில்லு வார்த்து, அவர் கைமேல் வைத்தேன். சிவப்புத் தூக்கியது. அடுத்த சனிக்கிழமை மறுபடி கலந்தேன், மறுபடியும் அதே சிவப்பு. சாயப் புட்டியைத் திட்டினேன். ஜன்னலைத் துடைக்கிறவரைத் திட்டினேன், பாவம், அவர் என்ன செய்வார். மூன்றாவது சனிக்கிழமை வீம்பு ஏறிவிட்டது. சில்லெல்லாம் வேண்டாம் என்று மூன்று விரலையும் நேராக வார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பெரியக்கா அவற்றை டியூப்லைட்டில் பார்த்தார், ஜன்னலில் பார்த்தார், பூதக்கண்ணாடியிடம் நீட்டினார். அவர் உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"கையுறையைக் கழட்டும்மா."

கழற்றினேன். நடுவிரலை எடுத்து என் நடுவிரலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம். எத்தனையோ ஆட்களுக்கு எத்தனையோ விரல் கலந்திருக்கிறேன், இவ்வளவு துல்லியமாக ஒன்றுகூட அமைந்ததில்லை.

"இழுக்குதும்மா உனக்கு" என்றார் அவர். "என் சம்சாரம் காதுக்கு எனக்கு இழுத்துச்சே, அதே இழுப்பு."

"எனக்கு இழுக்காது" என்று கத்தினேன்.

"வேத்தாள் கையை நாம பாக்குறோம். நம்ம ஆள் கையை எங்க பாக்குறோம்? நம்ம கைதானேன்னு கண்ணு அசந்துடுது. பாக்காமலே கலந்துடறோம். இதுல கோவப்பட என்ன இருக்கு?"

கிண்ணத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். முதலில் வந்தது ஆத்திரம்தான். பதினோரு வருஷமாக என் கைக்கு வராத ஒரு தப்பு, வரக்கூடாத நேரம் பார்த்து வந்திருக்கிறதே என்று அழுதேன். அப்பாவுக்குச் செய்கிற வேலை கையைவிட்டுப் போய்விட்டதே என்று அழுதேன். அழுது மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. சொந்தக்காரருக்குக் கலந்தால் இழுக்கும். எனக்கு இழுத்திருக்கிறது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்ன நிறம் என்று எவராலும் சொல்ல முடியாத அந்தத் தோலுக்கு ஒரு சேர்மானம் இருக்கிறது. அதை நானே, அளவு மாறாமல், மூன்று வாரமும் கலந்திருக்கிறேன். என் நிறம் எனக்குத் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான், என் கைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மறுபடி அழுகை வந்தது. இந்தத் தடவை சந்தோஷத்தில்.

வெளியே வந்தபோது பெரியக்கா என் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னோடது" என்றார். "சுவத்துல ஒட்டினது எல்லாருக்கும் சேத்துத்தான். உனக்குப் பொருந்தாதுன்னு நானா நினைச்சுட்டேன். அப்படி நினைச்சது ரொம்பத் தப்பு. மன்னிச்சுக்க."

"பரவால்லக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பரவாயில்லை என்று ஆயிரம் பேரிடம் சொல்லியாயிற்று. "வலிச்சுதுக்கா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு அப்பாவின் வேலைச்சீட்டை எடுத்தார். கலவைக்காரரை மாற்றினால் காரணம் எழுத வேண்டும். எழுதிவிட்டு என் பக்கம் திருப்பி, "சரியான்னு பாத்துக்க" என்றார். 'கலந்தவர் நோயாளியின் மகள். விதிப்படி வேறொருவருக்கு மாற்றப்படுகிறது' என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். வேலையிலிருந்து என்னைத் தள்ளிவைக்கிற ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி இளித்துக்கொண்டு நின்றேன்.

பூதக்கண்ணாடி பத்தே நாளில் முடித்துவிட்டார். நகத்தடி நீலம்கூட அப்படியே வந்திருந்தது. மாட்டிப் பார்க்க அப்பாவும் தம்பியும் வந்தார்கள். தட்டில் அவர் செய்த மூன்றும் இருந்தன, பக்கத்தில் நான் கெடுத்த மூன்றும் கிடந்தன. அப்பா பையிலிருந்து இடது கையை எடுத்தார். குனிந்து பார்த்துவிட்டு நேராக என்னுடையதை எடுத்தார்.

"ஐயா, அது இல்ல, அது தப்பாப் போனது" என்று பூதக்கண்ணாடி பதறினார்.

"தப்பா? என்ன தப்பு? என் நிறந்தானே?"

தம்பி சிரித்துவிட்டான். பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. அப்பாவை ஜன்னலுக்கு இழுத்துப்போய் இரண்டு விரலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "நல்லாப் பாருங்க. இதுல செவப்பு தூக்கலா இல்ல?"

அப்பா உண்மையாகவே பார்த்தார். பலகையில் ரேகை ஓட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கி, தூக்கிப் பிடித்து, திருப்பி, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். என்னைச் சந்தோஷப்படுத்த ஒரு வார்த்தை சொல்கிற ஆள் அவர் இல்லை. வாடிக்கையாளரிடமே, 'இந்த நாற்காலி உங்க வீட்டுக்குக் கேவலமா இருக்கும்' என்று சொல்லி அனுப்புகிறவர்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு" என்றார்.

"அப்பா, கண்ணு டெஸ்ட் பண்ணணும்ப்பா உங்களுக்கு" என்றான் தம்பி.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. முப்பத்தி நாலு வருஷமா இவ கைய நான் பாக்குறேன். எனக்குத் தெரியாதா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதுதானே உன் தொழிலு. நீ சொல்லு. எதுல வித்தியாசம் இருக்கு?"

ஒரு சொட்டுச் சாயம் கூடினாலும் அறையின் அந்தக் கோடியிலிருந்து சொல்லிவிடுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பூதக்கண்ணாடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு விரலையும் வாங்கி, வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"எனக்கும் தெரியலப்பா" என்றேன்.