புள்ளி மூன்று சதவீதம்

கார் நிறுவனத்தின் இயக்குநர் ஒனோதெரா இரங்கலுரையின் நான்காவது தாளைப் பிரித்தபோது மணி ஒன்று ஐந்து. மிசாகி அப்பாவின் சவப்பெட்டியைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரைக்குத் தகன நிலையத்தில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த இடம் ஒன்பது நாள் கழித்துத்தான். யோகோஹாமாவில் சாவதற்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, எரிவதற்குத்தான் வரிசை. ஏற்கெனவே எட்டு நாள் அப்பா குளிர் அறையில் கிடந்துவிட்டார். அம்மா தினமும் அங்கே போய், கம்பளிக் காலுறை போட்டுவிடலாமா என்று கேட்டு ஊழியர்களைச் சங்கடப்படுத்திவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தும் கண்ணை மூடுவதில்லை.

இயக்குநர் இறந்தவரை விட்டு என்ஜினுக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நம் வண்டியில் என்ஜின் மின்சாரம் மட்டுமே தயாரிக்கிறது, சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார், ஆகவே மேடு பள்ளம் எதற்கும் வளைந்துகொடுக்காமல் என்ஜின் தனக்குத் தோதான வேகத்திலேயே ஓடலாம் என்று, ஆயுள் முழுக்க அதையே செய்தவரின் பெட்டிக்கு விளக்கினார். எரிபொருளின் சூட்டில் பாதியை வேலையாக மாற்றிக் காட்டிய மாமேதை நம் ஹதானோ என்று அப்பாவைப் புகழ்ந்தார். பெரிய மாமா தூக்கத்திலேயே தலையாட்டினார். பேச்சிலும் பெரும்பகுதி வீண் சூடாகவே போய்க்கொண்டிருந்தது.

ஈமக்கூடத்து ஊழியர் வெள்ளைக் கையுறையை விலக்கி மணி பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். இயக்குநரின் இரங்கலுரையை நடுவில் நிறுத்திய குடும்பம் அந்த ஊரில் இல்லை. முப்பது பேரும் தலைகுனிந்து, மிகுந்த மரியாதையோடு, பிணத்தைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது தாள் வந்தது. மிசாகி எழுந்தாள்.

"மன்னிக்கணும் ஐயா. என்ஜின் திறன்ல அப்பா கூட்டினது பாதி இல்ல. புள்ளி மூணு சதவீதம். அதுவும் நாலு பேர் சேர்ந்து, பதினோரு வருஷம்."

யாரோ இருமினார்கள்.

"அதை அவரே எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவார். ஒன்றரைக்கு அங்க இருக்கணும் ஐயா. தவறினா இன்னும் ஒன்பது நாள். அம்மா தாங்கமாட்டாங்க."

இயக்குநர் தாள்களை மடித்தார். மடித்தது சரியில்லை என்பதுபோலப் பிரித்து மறுபடி மடித்தார்.

ஒன்று இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உலையின் கதவு மூடியதும் அம்மா காத்திருப்பு அறையில், தேநீர்க் கோப்பையைத் தொடாமலே, உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். இரண்டே முக்காலுக்கு மிசாகி அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

எரிந்து மிஞ்சிய எலும்புகளை, வழக்கப்படி இருவர் இருவராக, ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் சேர்ந்து பிடித்துக் கலசத்தில் இட வேண்டும். அம்மாவோடு பெரிய மாமா நின்றுகொண்டார். வரிசையில் மிசாகிக்கு வாய்த்தவர் இயக்குநர்.

"கை கொஞ்சம் நடுங்குதும்மா," என்றார் அவர், அவள் காதுக்கு மட்டும்.

"பரவாயில்ல."

முதல் முறை நழுவியது. இரண்டாம் முறையும். அடுத்த குடும்பம் வெளியே காத்திருப்பதாக ஊழியர் மெல்லச் சொன்னார். மிசாகி திரும்பவில்லை. எலும்பின் ஒரு முனையைத் தன் குச்சியால் பிடித்தபடி, மறுமுனைக்கு அவருடைய குச்சிகள் வந்து சேரும்வரை அப்படியே நின்றாள்.