நூற்றுப் பதினாறு பானைகள்

தீனதயாளனுக்கு அந்த விளையாட்டு அலுத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செய்ய ஆரம்பித்து நாலு வருஷம். நடுவில் எங்கோ ஆசை கழன்றுகொண்டது, பிடிவாதம் மட்டும் இழுத்துக்கொண்டு வந்தது. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு மேலே தகரக் கூரை போட்ட வாடகை அறை. அதில் அவன் ஒருவனே வரைந்து, கோடிங் எழுதி, இசையும் போட்டு உருவாக்கியது ‘சுனை வழி’. கையில் கொடுவாளோடு ஒரு பெண் மலையேறுகிறாள், ஊர் ஊராகப் போகிறாள், எதிர்ப்பட்டதையெல்லாம் வெட்டுகிறாள். உச்சியில் சுனையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூதத்தை வென்றால் தண்ணீர் கீழே இறங்கும். கல்வராயன் மலையைப் பார்த்துப் பார்த்து வரைந்தது அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இணையத்தில் வெளியிடுவதாக அறிவித்திருந்தான். திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். ஏற்கெனவே எட்டு வருஷம் கம்பெனியில் மாரடித்தவன்தான். இன்றைக்கு விட்டால் இது வெளியே வரவே வராது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்று முறை தேதி சொல்லித் தள்ளிப்போட்டாயிற்று. நாலாவது முறை சொன்னால் மனைவி ஜெயசுதா திட்டக்கூட மாட்டாள், அதுதான் பயம்.

குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள். கீழே சென்டரில் வேலை பார்க்கும் மகேஸ்வரி, வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். மலையில் பிறந்தவர் ஒருவர் ஆடிப் பார்த்துவிட்டால் நிம்மதி என்று அவன்தான் போன வாரம் அவளைக் கேட்டு உட்காரவைத்தான். சென்னை நண்பர்கள் ஆறு பேர் அரை நாளில் முடித்ததை அவளால் முடிக்க முடியவில்லை. ஆடத் தெரியாதவள் என்றும் சொல்ல முடியாது. போனில் சுட்டுத் தள்ளும் விளையாட்டில் காலேஜ் பையன்களை அழவைப்பவள். அப்படியென்றால் விளையாட்டில்தான் கோளாறு. காலை பதினொன்றரை மணிக்குப் படியிறங்கிப் போனான்.

“எத்தினி வாட்டிம்மா செத்த?”

“நாப்பத்தியொண்ணுண்ணா. எல்லாம் மேல அந்தப் பூதத்துகிட்டதான். எண்ணிக்கினுதான் இருக்கேன்.”

“சரி, மொதல்ல இருந்து ஆடு. நான் பாக்கறேன்.”

பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். முதல் ஊர், முதல் வீடு. மகேஸ்வரி உள்ளே போனாள், அடுப்படியில் நின்ற பெண்ணிடம் பேசும் பட்டனை அழுத்தினாள். ‘மேலே பூதம் இருக்கிறது, ஜாக்கிரதை’ என்றாள் அந்தப் பெண். இன்னொரு முறை அழுத்தினாள். அதே பதில். வெளியே வந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அப்படியே. மூலையில் இருந்த பானைகளைத் தொடவே இல்லை.

தீனதயாளனுக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதில் திருக்கோவிலூர் மாமா வீட்டு டிவியில் கேசட் போட்டு அவன் ஆடிய சாகச விளையாட்டுகளில் வீரன் யார் வீட்டுக்குள்ளும் நுழைவான், பானையை உடைப்பான், உள்ளே இருப்பதைப் பொறுக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். ஏன்டா என்று கேட்க நாதியில்லை. இவனும் நூற்றுப் பதினாறு பானைகளை வைத்திருந்தான். உயிர் ஏறுவதும் வாள் கூராவதும் அவற்றை உடைத்தால்தான்.

“பானைய ஒடைக்க வேண்டியதுதானம்மா?”

“யார் வூட்டு பானைய?” மகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். “அந்தம்மா நின்னு பாத்துக்கினு இருக்குது. உள்ள வெதைச் சாமை வச்சிருக்கும்ணா. ஒடச்சிட்டா அடுத்த வருசம் இன்னாத்த வெதைக்கும்?”

“சாமையெல்லாம் இல்லம்மா, காசுதான் இருக்கு.”

“அது உங்களுக்குத் தெரியும்ணா, எனக்கு எப்பிடித் தெரியும்? கேட்டு வாங்கலாம்னு வூடு வூடா போறேன். ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போன்னு ஒருத்தரும் சொல்லல. எங்க மலையில அப்பிடி இருக்க மாட்டாங்க.”

அலுப்பு அவனுக்கு எரிச்சலாகத் தலைக்கேறியது. “ஒண்ணே ஒண்ணு ஒடை. இன்னா ஆவுதுன்னு பாரு.”

அவன் சொன்னானே என்று உடைத்தாள். காசு துள்ளி விழுந்தது. அடுப்படிப் பெண்ணிடம் போய்ப் பட்டனை அழுத்தினாள். ‘மேலே பூதம் இருக்கிறது, ஜாக்கிரதை.’

“ஒண்ணுமே கேக்கலியேண்ணா அது,” என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். “ஞாயித்துக்கெழம அரை நாளுதான்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நாளைக்கு வந்து இதுலருந்தே ஆடறேன்.”

மேலே வந்து யோசித்துப் பார்த்தான். வீட்டுக்கு வீடு கஞ்சி கொடுக்கவைக்கலாம். கொடுத்தால் பானைக்கு வேலையில்லை. பானை இல்லாவிட்டால் காசில்லை, காசில்லாவிட்டால் கடையில்லை, கடையில்லாவிட்டால் வாள் இல்லை. நாலு வருஷமும் அந்தப் பானைகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. சரிசெய்ய ஒரு மாசமாவது வேண்டும். கையில் இருந்தது ஐந்து மணி நேரம். அதற்கும் உடம்பில் தெம்பு இல்லை.

கடைசியில் சின்னதாக ஒன்று செய்தான். பானை உடைக்காமல் வருகிறவளைக் கண்டால் பூதம் எழுந்து வழிவிடும். காரணம் காரியம் கிடையாது, அப்பட்டமான ஒட்டுப்போடும் வேலை. உடைத்த பானை சைபர் என்று நிபந்தனையைத் தட்டியவன், மகேஸ்வரியின் கணக்கில் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்தினான். அந்த ஒன்று அவன் உடைக்கச் சொன்னது. ‘ஒன்று வரை’ என்று மாற்றிவிட்டு நாலே முக்காலுக்கு வெளியிட்டான். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். தூக்கம்தான் வந்தது.

மறுநாள் சென்னையில் புது ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகேஸ்வரி போன் செய்தாள்.

“முடிச்சிட்டேண்ணா! பூதம் ஒதுங்கி நின்னுச்சி. தண்ணி எறங்கிச்சி.”

“சூப்பர்மா. நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சிண்ணா. தண்ணி கூடவே நானும் கீழ எறங்கி வந்தேன். இப்ப அந்த வூட்டுலதான் நிக்கிறேன். பானை ஒடைஞ்சபடியே கெடக்குது, அந்தம்மாவும் அங்கியே நிக்குது. மன்னிச்சிக்கம்மான்னு சொல்லணும். அதுக்கு எந்த பட்டன்ணா?”

தீனதயாளன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். வெட்டுவதற்கு இருந்தது. குதிப்பதற்கு, ஓடுவதற்கு, எடுப்பதற்கு, பேசுவதற்கு இருந்தது. பேசினாலும் எதிரில் இருப்பவர்தான் பேசுவார். இவள் பக்கம் ஒரு சொல்கூட அவன் எழுதியிருக்கவில்லை.

“அதுக்குப் பட்டன் வைக்கலம்மா,” என்றான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

“பரவால்லண்ணா,” என்றாள் மகேஸ்வரி. “சென்டர்ல இப்ப ஆளு யாரும் இல்ல. நான் கொஞ்ச நேரம் அந்தம்மா பக்கத்துலயே நிக்கிறேன்.”