நகராத தேதி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ராஜரத்தினம் சார் எங்கள் ஆபீஸ் இருந்த தேனாம்பேட்டை முழுக்க இதைத்தான் சொல்லித் திரிந்தார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

1997-ல், அடுக்குமாடி வீடுகள் கட்டும் ஒரு கம்பெனியில் நான் பிளானிங் இன்ஜினீயர். எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று பார்த்துத் திட்டம் போடுவது என் பொறுப்பு. ராஜரத்தினம் சார் ப்ராஜெக்ட் மேனேஜர். ஆழ்வார்பேட்டையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு வீடுகளுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம்.

திட்டம் போடுவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். அது ஓடுகிற ஒரே கம்ப்யூட்டர் என் மேஜையில் இருந்தது. அதற்குள் ஒவ்வொரு வேலையும் இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பூச்சு காயாமல் பெயின்ட் அடிக்க முடியாது. லிஃப்ட் குழி காயாமல் லிஃப்ட்டை இறக்க முடியாது. ஒன்று தள்ளிப்போனால் அதன் பின்னால் நிற்பதெல்லாம் தள்ளிப்போகும். கட்டடம் எப்போது முடியும் என்று அதற்கு நாம் சொல்ல முடியாது, அதுதான் நமக்குச் சொல்லும்.

ஆனால் அது அச்சடித்துத் தரும் கோடுகளும் அம்புக்குறிகளும் என்னைத் தவிர யாருக்கும் புரியாது. அதனால் மாதம் ஒருமுறை அதன் தேதிகளை எடுத்து, ஆபீஸில் யாரும் திறக்கக்கூடிய ஓர் எக்ஸெல் தாளில் ஒட்டுவேன். நான் எழுதிவைத்த ஃபார்முலா அந்தத் தேதிகளை இழுத்து வந்து அந்தந்தக் கட்டத்தில் வைக்கும். கையால் ஒரு தேதிகூட அடிக்க மாட்டேன். மேஸ்திரிகளுக்கும் வீடு வாங்கியவர்களுக்கும் போவது அந்த எக்ஸெல் தாள்தான். அடியில் ‘தயாரித்தவர்: எல். பிரிஸில்லா’ என்று இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. லிஃப்ட் குழி கிணறாகிவிட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போன பூச்சு ஆட்கள் திரும்பி வரவில்லை. எல்லாவற்றையும் சாஃப்ட்வேருக்குச் சொல்லி மறுபடி கணக்குப் போடச் சொன்னேன். ஜனவரியில் கொடுக்கவேண்டிய சாவி மே மாதக் கடைசிக்குப் போய் நின்றது. என்ன செய்வது, மழையிடமா சண்டை போட முடியும்? தேதிகளை எக்ஸெல்லில் ஒட்டினேன்.

பூச்சு நகர்ந்தது. பெயின்ட் நகர்ந்தது. லிஃப்ட் நகர்ந்தது. கடைசிக் கட்டமான ‘சாவி ஒப்படைப்பு’ மட்டும் அசையவில்லை. ஜனவரி 23 என்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஃபார்முலா இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தேதி இருந்தது. யாரோ என் ஃபார்முலாவை அழித்துவிட்டுக் கையால் அடித்திருக்கிறார்கள். அந்தத் தாளின்படி ஏப்ரலில் பெயின்ட் அடித்து முடிக்கப்போகும் வீட்டுக்கு ஜனவரியிலேயே சாவி கொடுத்துவிடுவோம்.

நேராக ராஜரத்தினம் சார் அறைக்குப் போனேன்.

“சார், சாவித் தேதியை மாத்தினது யாரு?”

“நான்தான்.” காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “தை மாசம் சாவின்னு பேப்பர்ல விளம்பரம் குடுத்தாச்சு. உன் சாஃப்ட்வேருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. எக்ஸெல்லாவது சொன்ன பேச்சைக் கேக்குது.”

“பெயின்ட் ஏப்ரல்னு மேலேயே இருக்கே சார்?”

“நடுவுல இருக்கற வரியெல்லாம் மறைச்சுட்டுத்தான் பிரிண்ட் எடுப்பேன். அதெல்லாம் வாங்கறவங்களுக்கு எதுக்கு?”

“அப்ப என் பேரையும் எடுத்துடுங்க.”

“உன் பேர் இருந்தாத்தாம்மா நம்பறாங்க” என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தலைக்கேறியது. இரண்டு வருடமாக நான் சொன்ன தேதியில் தளம் போட்டிருக்கிறோம், கரன்ட் வந்திருக்கிறது. ஜனங்கள் என் பேரை நம்பினார்கள் என்றால் அதற்காக நான் வெயிலில் சைட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அந்தப் பேரை இவர் எடுத்துப் பொய்க்கு முட்டுக்கொடுக்கிறார்.

கட்டத்தில் மறுபடி ஃபார்முலாவை எழுதினேன். மறுநாள் காலையில் அங்கே ஜனவரி இருந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி ஜனவரி. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அந்த ஒரு கட்டத்துக்குள் மல்லுக்கட்டினோம். கடைசியில் அவர் பாஸ்வேர்டு போட்டுத் தாளைப் பூட்டிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சுப்புலக்ஷ்மி மாமி ஆபீஸுக்கு வந்தார். தரைத்தளத்தில் வீடு வாங்கியவர். மயிலாப்பூரில் வாடகைக்கு இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார். அவர் கணவர் அனந்தராமன் பக்கவாதத்தில் படுத்திருந்தார்.

“தை கடைசியில ஆத்தைக் காலி பண்ணிடறோம்னு ஓனர்கிட்ட சொல்லலாம்னு இருக்கேன்” என்றார் மாமி. “வேற மனுஷா அட்வான்ஸோட காத்துண்டிருக்காளாம். நாளைக்கு இங்கே வீடு வாங்கினவாளோட மீட்டிங் முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்கோங்கறார். இவரை ஒரு தடவை தூக்கிண்டு வந்துடலாம். நடுவுல எங்கேயாவது தங்கவெச்சு ரெண்டாம் தடவை தூக்கறதுன்னா உடம்பு தாங்காதுன்னுட்டார் டாக்டர்.”

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜரத்தினம் சார் அறையிலிருந்து வந்துவிட்டார். “தாராளமா சொல்லுங்க மாமி. தையில சாவி உங்க கையில.” வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நாளைக்கு மீட்டிங்ல வாயைத் திறந்தியோ, திங்கட்கிழமை வேலைக்கு வராத.”

அப்பா லூயிஸ் ரிட்டயர்டு வாத்தியார். தம்பி நோயல் கல்லூரியில் இருந்தான். வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. அது ராஜரத்தினம் சாருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் அவர் மிரட்டினார் என்பது பயத்தைவிட அதிகமாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோமில் காலைப் பூசை முடிந்து நேராக ஆழ்வார்பேட்டைக்குப் போனேன். பூசை முழுக்க அவரைத் திட்டிக்கொண்டேதான் முழங்காலிட்டிருந்தேன். ஆண்டவருக்கு என் குணம் தெரியும்.

கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு எக்ஸெல் தாள் கொடுத்தார்கள். பளிச்சென்று நான்கே வரிகள். கடைசியில் ஜனவரி 23. அடியில் என் பேர்.

ராஜரத்தினம் சார் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். சாஃப்ட்வேரில் எடுத்த தாள்களை ஒன்றோடொன்று கோந்து போட்டு ஒட்டி, நீளமாகச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். சுவரோரமாக விரித்தேன். லிஃப்ட் குழியிலிருந்து ஓர் அம்புக்குறியைத் தொட்டுக்கொண்டே போய்ச் சாவியில் கொண்டு நிறுத்தினேன். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“இது இன்னா மேடம், ரயில் ரூட்டா?” என்றார் மேஸ்திரி வலியுல்லா. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

ராஜரத்தினம் சார் வாய்விட்டுச் சிரித்தார். “அதெல்லாம் டெக்னிக்கல். உங்களுக்கு வேண்டியது கையில இருக்கற ஒரு பக்கம்தான். உட்காரும்மா.”

நான் உட்காரவில்லை. இரண்டு வருடமாக மற்றவர்களுக்குப் புரியவேண்டுமே என்று நானே அழகாகச் செய்து கொடுத்த தாள், இன்று எனக்கு எதிராக எல்லார் கையிலும் இருந்தது.

சுப்புலக்ஷ்மி மாமி எழுந்தார். “எனக்கு இந்தப் பேப்பரும் புரியலை, அந்தப் பேப்பரும் புரியலை. பிரிஸில்லா, நீங்க வாயால சொல்லுங்கோ. நான் ஆத்தைக் காலி பண்ணலாமா?”

“பண்ணாதீங்க மாமி.”

இவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்று நானே நினைக்கவில்லை.

“ஜனவரியில சாவி வராது. மே கடைசியிலதான் வரும். இந்தத் தேதியை நான் போடலை. என் பேருக்கு மேல ராஜரத்தினம் சார் போட்டது.”

ஒரே கூச்சல். முன்வரிசையில் இருந்த ஒருவர் என் மேலேயே பாய்ந்தார். “இத்தனை நாள் நீ என்னம்மா பண்ணிட்டிருந்தே?”

“சண்டை போட்டுட்டிருந்தேன் சார்.”

“பொய்!” என்றார் ராஜரத்தினம் சார். “வலியுல்லா, நீ சொல்லுய்யா. தைக்குள்ள முடிச்சுடலாம்தானே?”

வலியுல்லா தலையைச் சொறிந்தார். “சார், லிஃப்ட் குழில இன்னும் தண்ணி கீது. மோட்டார் போட்டு எடுத்துக்கினுதான் கீறோம்.”

மாமி தன் தாளை என்னிடம் நீட்டினார். பேனாவை எடுத்து ஜனவரியை அடித்தேன். பக்கத்தில் ‘மே கடைசி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமியின் பின்னால் இன்னொரு கை நீண்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. என் மேல் பாய்ந்த மனிதரும் முறைத்துக்கொண்டே நீட்டினார். நின்றபடியே ஒவ்வொரு தாளிலும் அடித்து அடித்து எழுதினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ராஜரத்தினம் சார் முகம் கறுத்துவிட்டது. “நாளையிலேருந்து உன் சீட்ல வேற ஆள் உட்காருவான்.”

“உட்காரட்டும் சார். தேதியைத்தான் நீங்களே போட்டுடறீங்களே. சும்மா உட்கார ஒரு ஆள் இருந்தா போதும்.”

வலியுல்லா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

தெருமுனையில் இருந்த பி.சி.ஓ. டெலிபோன் பூத்துக்கு மாமி விறுவிறுவென்று நடந்தார். நானும் கூடப் போனேன். எனக்கு இனிமேல் போக வேறு இடமும் இல்லை. வேலை போய்விட்டது என்பது அப்போதுதான் மெதுவாக உறைத்தது. நோயலின் ஃபீஸ் ஞாபகம் வந்தது. மாமி பக்கத்திலேயே போய் நின்றேன்.

மாமி காசைப் போட்டு நம்பரைச் சுழற்றினார். எதிர்முனையில் வீட்டு ஓனர் போடும் சத்தம் எனக்கே கேட்டது.

“கத்தாதேங்கோ” என்றார் மாமி. “அவாகிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்கோ. சாவி மே கடைசியிலதான் வருமாம், ஜூன்லதான் காலி பண்ணுவோம். அதுவரைக்கும் நாங்க இங்கேர்ந்து அசையறதா இல்லை. யார் சொன்னாளா? இன்ஜினீயரே சொன்னா. பக்கத்துலதான் நிக்கறா, கேட்டுக்கோங்கோ.”

ரிசீவரை என் கையில் திணித்தார்.

“யாரும்மா அது?” என்று அதட்டியது குரல். “மே மாசம்னு சொன்னது யாரு?”

“என் பேர் பிரிஸில்லா” என்றேன். “நான்தான் சார் சொன்னேன்.”